காதில் மாட்டியிருந்தது என்ன சார்?



பாரிஸிலிருந்து திரும்பியதும் நான் போட்ட விமான நிலையப் படத்தைப் பார்த்து, "காதுல மாட்டியிருக்கறது என்ன சார்? பழைய ரேடியோ ஸ்டேஷன் ஆள் மாதிரி இருக்கீங்க" என்று பலர் கேட்டிருந்தீர்கள். சிலர் விலையும் கேட்டீர்கள். ஒருவர், "எங்க அப்பாவுக்கும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், எதை வாங்கறது சார்?" என்று கேட்டிருந்தார். உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிப்பதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது. ஏன் என்பதையும் சொல்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம். என் பாடவேளையில் மணி அடித்த பிறகும் உட்கார்ந்திருந்தவர்கள்தானே நீங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் பிரான்சில் இருப்பது உங்களுக்குத் தெரியும். நம் காரைக்காலில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது பிரான்ஸ் சம்பந்தம் இருக்கும், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறை போகும்போதும் எனக்கு விமானத்தில் தலைவலி வரும். சென்னையிலிருந்து வளைகுடா வரை நாலு மணி நேரத்துக்கு மேல், அங்கே இறங்கி ஏறி மறுபடியும் ஏழு மணி நேரம். அவ்வளவு நேரமும் 'ஹோ' என்ற இரைச்சல். இறங்கிய பிறகும் இரண்டு நாள் காதுக்குள் அதே ஓசை. இந்த முறை மகன், "அப்பா, சத்தத்தைக் குறைக்கற ஹெட்ஃபோன் ஒண்ணு வாங்கிக்கங்க" என்றான்.

முதலில் நான் ஏமாந்த கதை. யாரும் என்னை ஏமாற்றவில்லை, நானே ஏமாந்தேன். பெட்டியில் 'நாய்ஸ் கேன்சலேஷன்' என்று பெரிதாகப் போட்டிருந்ததைப் பார்த்து, இரண்டாயிரம் ரூபாய்க்குள் கழுத்தில் மாட்டும் ஒன்றை வாங்கி வந்தேன். சென்னைக்குப் போகும் இரவு ரயிலில் மாட்டிப் பார்த்தால் ரயில் சத்தம் அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு பெட்டியைப் படித்தேன். சின்ன எழுத்தில் 'ஈ.என்.சி.' என்று இருந்தது. அது பேசும்போது நம் பக்கத்துச் சத்தத்தை மைக்கில் வடிகட்டி, எதிர்முனையில் இருப்பவருக்கு நம் குரலைத் தெளிவாக அனுப்பும் வசதி. நம் காதுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. நமக்கு வேண்டியது 'ஏ.என்.சி.' ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். வினாத்தாளை முழுதாகப் படி என்று 34 வருடம் உங்களுக்குச் சொன்னவன் நான்!

இந்த ஏ.என்.சி. எப்படி வேலை செய்கிறது? பிளஸ் டூவில் அலைகளின் குறுக்கீடு நடத்தியது நினைவிருக்கிறதா? ஓர் அலையின் முகடு இன்னோர் அலையின் பள்ளத்தின் மேல் சரியாக விழுந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஹெட்ஃபோனில் உள்ள சின்ன மைக்குகள் வெளிச்சத்தத்தைக் கேட்கின்றன. உள்ளே இருக்கும் சிப், அதற்கு நேர் எதிரான அலையை அந்தக் கணமே உண்டாக்கிக் காதுக்குள் விடுகிறது. கூட்டல் ஒன்றும் கழித்தல் ஒன்றும் சேர்ந்தால் சுழியம். அவ்வளவுதான்.

ஆனால் எல்லாச் சத்தத்தையும் இதனால் அழிக்க முடியாது. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. விமான எஞ்சினின் 100 ஹெர்ட்ஸ் முழக்கத்துக்கு அலைநீளம் மூன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு நீண்ட, மாறாமல் வரும் அலைக்கு எதிரலை செய்வது சுலபம். 3400 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் வெறும் 10 சென்டிமீட்டர். இம்மி பிசகினாலும் முகடும் பள்ளமும் பொருந்தாது. அதனால் எஞ்சின், ஏ.சி., மின்விசிறி, ரயில் கடகடப்பு ஆகியவை அடங்கும். குழந்தை அழுகை, குக்கர் விசில், பார்வதீஸ்வரர் கோவில் மணி ஆகியவை அவ்வளவாக அடங்காது. அவற்றைக் குறைப்பது காதைச் சுற்றி அழுத்தும் அந்தப் பஞ்சுதான். "வாங்கினேன், பக்கத்து சீட்டுக்காரர் பேசறது கேக்குதே" என்று குறைபட்டுக்கொள்பவர்களுக்கு இதுதான் விடை.

ஒரு சின்ன வரலாறு. எதிரலையால் சத்தத்தை அழிக்கலாம் என்ற யோசனைக்கு பால் லூக் என்ற ஜெர்மானியர் 1936இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அதைப் பயணிகளின் தலையில் மாட்டும் பொருளாக்கியதில் பெரும்பங்கு அமர் போஸுக்கு உண்டு. அவருடைய தந்தை நோனி கோபால் போஸ், ஆங்கிலேய அரசின் பிடியிலிருந்து தப்பி அமெரிக்கா போன வங்காளத்துச் சுதந்திரப் போராட்டக்காரர். அதே ஆங்கிலேயரிடமிருந்து தப்பித்தான் பாரதி 1908இல் நம் புதுச்சேரிக்கு வந்தார். மகன் எம்.ஐ.டி.யில் பல்லாண்டுகள் பேராசிரியர். 1978இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பும்போது விமானத்தில் கொடுத்த ஹெட்ஃபோனில் இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. எரிச்சல்படுவதற்குப் பதிலாக, அங்கேயே காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். 1989இல் விமானிகளுக்கு, 2000இல் நம்மைப் போன்ற பயணிகளுக்கு என்று அவருடைய நிறுவனம் அதைக் கொண்டுவந்தது. எரிச்சல் வந்தால் கணக்குப் போடு, இதையும் நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

இனி வாங்குபவர்களுக்கு. பயணத்துக்கு என்றால் காது முழுவதையும் மூடும் வகைதான் நல்லது. கால் கிலோ எடைக்கு மேல் போனால் கழுத்து வலிக்கும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடு கால் மணி நேரம் மாட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள், கண்ணாடிக் காம்பு பட்டு இடைவெளி விழுந்தால் பாதி சத்தம் அந்த வழியாக வந்துவிடும். வயர் செருகும் துளை இருக்கிறதா பாருங்கள், விமானத்தின் திரையோடு இணைக்க அது வேண்டும். பேட்டரி 20, 30 மணி நேரம் தாங்குவதாக இருக்கட்டும். பஞ்சு உறையை மாற்ற முடியுமா, நம் நாட்டில் பழுது பார்ப்பார்களா என்று கேளுங்கள். நம் ஊர் வேர்வைக்கு அந்த உறை சீக்கிரம் உரிந்துவிடும். சித்திரை மாதத்தில் வீட்டில் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் காது வெந்துவிடும். வீட்டுக்கு மட்டும் என்றால் காதுக்குள் செருகும் சின்ன வகையே போதும்.

இன்னொன்று, வெளிச்சத்தம் குறைந்தால் பாட்டின் சத்தத்தையும் குறைவாக வைக்கலாம். இந்தக் கருவியின் உண்மையான லாபம் இதுதான். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். பஸ் இரைச்சலை வெல்வதற்காக வெறும் இயர்ஃபோனில் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும் பேரப்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

நான் மகன் சொன்ன ஒன்றை வாங்கினேன். விமானத்தில் பொத்தானை அமுக்கியதும் இரைச்சல் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. தலைவலி இல்லை. ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன். இதோடு பதிவு முடிந்திருந்தால் நாலு மாதம் ஆகியிருக்காது.

ஊருக்கு வந்த பிறகு வீட்டிலும் அதை மாட்டிக்கொள்ள ஆரம்பித்தேன். கல்யாண சீசன், மைக் செட், எதிர்வீட்டில் டைல்ஸ் அறுக்கும் மெஷின். காரணங்களுக்கா பஞ்சம்? ஒருநாள் சாயங்காலம் முன்னறையில் தோடி ஓடிக்கொண்டிருந்தது. கொல்லையில் மோட்டார் போடப் போன என் மனைவி பாசியில் வழுக்கி விழுந்துவிட்டாள். "என்னங்க, என்னங்க" என்று எத்தனை முறை கூப்பிட்டாளோ தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண் சுவர் வழியாக எட்டிப் பார்த்து, ஓடி வந்து என் தோளைத் தட்டிய பிறகுதான் எனக்குத் தெரியும். மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு. அன்றிரவே ஹெட்ஃபோனைப் பெட்டியில் போட்டு பீரோ மேல் ஏற்றிவிட்டேன். ஃபோனில் கேட்டவர்களிடமெல்லாம் அந்தக் கருவியைத் திட்டித் தீர்த்தேன்.

பத்து நாள் போயிருக்கும். அதே முன்னறை. காதில் ஒன்றும் இல்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கட்டுப் போட்ட கையோடு அவள் வந்து எதிரில் நின்றாள்.

"நாலு தடவ கூப்பிட்டேன்."

"மோட்டார் ஓடிச்சா?"

"ஒண்ணும் ஓடல. ஃபேன்கூட ஓடல. அந்தப் பொட்டியத் திட்டாதீங்க. உங்களுக்கு ரெண்டு மூணு வருஷமாவே சரியா கேக்கல. காபி வேணுமான்னா சாவி எதுக்குங்கறீங்க. சொன்னா கோபம் வரும்னு சத்தமாப் பேசப் பழகிக்கிட்டேன்."

பதில் பேச எனக்கு வாய் வரவில்லை. அவள் ஏன் இப்போதெல்லாம் கத்திப் பேசுகிறாள் என்று நான்தான் மகனிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

காது மருத்துவரிடம் போனோம். ஒலி புகாத சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வெளியே வந்ததும் வரைபடத்தைக் கையில் கொடுத்தார்கள். தாழ்ந்த சுருதிகளில் கோடு நன்றாகத்தான் இருக்கிறது. 2000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் மலைச்சரிவு போலக் கீழே இறங்குகிறது. வயதாகும்போது பலருக்கு வருவதுதான், இரண்டு காதிலும் சமமாக. உயிரெழுத்துகளின் ஒலி தாழ்ந்த சுருதியில் பலமாக இருக்கும். க, ச, த, ப என்று சொல்லைச் சொல்லாக்கும் மெய்களின் ஓசை உயர்ந்த சுருதியில் மெல்லியதாக இருக்கும். எனக்கு உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை. பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. ஊரெல்லாம் சத்தம் அதிகமாகிவிட்டது, எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்று நான் நினைத்ததன் பொருள் அதுதான். காதுக்குக் கருவி வாங்கப் போனவன், காதைச் சோதிக்காமலேயே வாங்கியிருக்கிறேன்.

அந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு முகம் நினைவுக்கு வந்தது. அதனால்தான் இந்தப் பதிவு இவ்வளவு தாமதம்.

தொண்ணூறுகளில் ஒன்பதாம் வகுப்பு. மூன்றாவது பெஞ்சில் ஓரமாக ஒரு பையன். நான் பாடம் நடத்தும்போதெல்லாம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருப்பான். எத்தனையோ நாள் அவன் தாடையைப் பிடித்து நேரே திருப்பி, "பாடம் இங்க நடக்குது, வெளியில இல்ல" என்று சொல்லியிருக்கிறேன். வகுப்பு சிரிக்கும். ஒருமுறை வீட்டுப்பாடம் நான் சொன்னது ஒன்று, அவன் எழுதி வந்தது வேறொன்று. நாள் முழுக்க நிற்க வைத்தேன். பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டான். பல வருடம் கழித்து, தன் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வீட்டுக்கு வந்தான். இடது காதில் கருவி மாட்டியிருந்தான். "சின்ன வயசுலேர்ந்தே இடது காது கேக்காது சார். வலது காத உங்க பக்கம் திருப்பி வச்சாத்தான் பாடம் கேக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் ஏதோ சொல்லிச் சிரித்து, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். கல்யாணத்துக்குப் போய் மொய்யும் எழுதினேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

பாடத்தைக் கேட்பதற்காக அவன் திருப்பிய முகத்தை, கேட்க முடியாதபடி நேராக்கியவன் நான். அதுவும் ஒலியைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டு.

அவன் இந்தப் பக்கத்தில் இருக்கிறான், படிப்பான். தம்பி, பெயரைப் போட்டு உன்னை எல்லோர் முன்னும் மறுபடி நிற்க வைக்க மாட்டேன். அன்று தவறு உன்னுடையது அல்ல, என்னுடையது. மன்னித்துவிடு. பத்திரிகையில் இருந்த பழைய எண்ணுக்கு ஃபோன் செய்து பார்த்தேன், போகவில்லை. உன் எண்ணை அனுப்பினால் நானே கூப்பிடுகிறேன். கொஞ்சம் சத்தமாகப் பேசு, இப்போது இரண்டு பேருக்கும் ஒரே கஷ்டம்.

அப்பாவுக்கு எதை வாங்குவது என்று கேட்டவருக்கு என் பதில் இதுதான். முதலில் அவரைக் காது பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். அரை மணி நேர வேலை. அதன் பிறகு பயணத்துக்கு ஏ.என்.சி. வாங்கிக் கொடுங்கள், பயன்படும். வீட்டில் மாட்டினால் வெளிச்சத்தத்தை உள்ளே விடும் முறையில் வைக்கச் சொல்லுங்கள், கூட இன்னொருவர் விழித்திருக்கும்போது மட்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. அந்தச் சத்தத்துக்கு மருந்து ஹெட்ஃபோன் இல்லை, போய்ப் பேச வேண்டியதுதான்.

உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஒன்று. முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளையின் பின்னால் போய் நின்று, முதலில் மெதுவாக அவன் பெயரைச் சொல்லிப் பாருங்கள். திட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு இரண்டு காதிலும் கருவி வந்துவிட்டது. முதல் நாள் பேப்பர் மடிக்கும் சத்தமே சாக்கு கிழிப்பது போல இருந்தது. இப்போது பழகிவிட்டது. நேற்று கொல்லையிலிருந்து "என்னங்க" என்றாள். முதல் தடவையிலேயே எழுந்து போனேன். தேங்காய் உரிக்கச் சொன்னாள்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் சார்,
கோவில்பத்து, காரைக்கால்.