பதினெட்டு ஆட்டம், ஒன்பது புள்ளி

2025 மே மாசக் கடைசியில் எங்க பி.காம் வகுப்பு வாட்சப் குழுவில் ஒரு வாரம் இழவு வீடு மாதிரி இருந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் 14 ஆட்டத்தில் நாலே நாலு ஜெயித்து, வரலாற்றிலேயே முதல் முறையாகக் கடைசி இடம். ஆளாளுக்கு மீம்ஸ், ஆளாளுக்கு ஒப்பாரி. எனக்கு மட்டும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. ஞானம் கீனம் எல்லாம் இல்லைங்க, முன் அனுபவம்தான். நான் சென்னையின் எஃப்சி ரசிகன். தோனிக்கு 2014லேயே பங்கு இருந்த இன்னொரு அணி. கால்பந்து. இதைச் சொன்னதும் பாதிப்பேர் இந்தப் பக்கத்தை மூடியிருப்பீர்கள். மிச்சம் இருக்கிற நாலு பேருக்காகக் கொசுவத்திச் சுருளை 2018க்குச் சுத்துகிறேன்.

2018 மார்ச் 17. பெங்களூரு கண்டீரவா மைதானம். ஐஎஸ்எல் இறுதி ஆட்டம், அதுவும் பெங்களூரு எஃப்சியின் சொந்த மண்ணில். ஒன்பதாவது நிமிஷமே சுனில் சேத்ரி தலையால் முட்டி உள்ளே தள்ளிவிட்டார். சரி, முடிஞ்சுது என்று நினைத்தால், நம்ம மைல்சன் ஆல்வெஸ் தலையாலேயே ரெண்டு திருப்பிக் கொடுத்தார். அப்புறம் ரஃபேல் அகஸ்டோ ஒன்று. 3-2. 2015க்குப் பிறகு ரெண்டாவது கோப்பை. பயிற்சியாளர் ஜான் கிரகரி, ஒரு காலத்தில் இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லாவை நடத்தியவர். நான் அப்போ எட்டாங்கிளாஸ். இந்தக் குழு இன்னும் நாலு வருஷத்துக்கு எவனையும் விடாது என்று நோட்டில் எழுதி வைத்தேன்.

அடுத்த சீசனில் அந்தக் குழு ஆடியது 18 ஆட்டம். வெற்றி 2, டிரா 3, தோல்வி 13. மொத்தம் 9 புள்ளி. கிடைத்திருக்கக்கூடியது 54, அதில் ஆறில் ஒரு பங்கு. பத்து அணியில் பத்தாவது. முந்தின வருஷம் இதே 18 லீக் ஆட்டத்தில் 32 புள்ளி எடுத்த அணி இது. எங்க கடையில் இப்படி ஒரு வருஷ வியாபாரம் விழுந்தால் ஆடிட்டர் முதலில் கல்லாவில் உட்கார்ந்தவனைத்தான் சந்தேகப்படுவார்.

சாம்பியன் அணி அடுத்த வருஷம் கவிழ்வது புதுசில்லை. 2016ல் கோப்பை வாங்கிய கொல்கத்தாவின் ஏடிகே அடுத்த சீசனில் ஒன்பதாவது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் சிட்டி 1937ல் சாம்பியன், 1938ல் தரமிறக்கம். இதில் கூத்து என்னவென்றால் தரமிறங்கின அந்த வருஷம் முதல் டிவிஷனில் அதிக கோல் அடித்ததும் அவர்கள்தான். அடித்ததை விட வாங்கினது பிரச்சினை. சென்னையினுக்கு அந்த ஆறுதலும் இல்லை.

மூணாவது ஆட்டம் நினைவிருக்கிறதா? (யாருக்கு இருக்கும்...) 2018 அக்டோபர் 18, சென்னை நேரு ஸ்டேடியம், எதிரே நார்த் ஈஸ்ட் யுனைடெட். நம்மாட்கள் 3-1 முன்னிலை. தோய் சிங் ரெண்டு அடித்திருந்தார். அப்பாடா, சீசன் இப்போதான் தொடங்குது என்று நான் சாப்பிடப் போனேன். ஓக்பேச்சே என்று ஒரு நைஜீரியர், அன்றைக்கு ஹாட்ரிக். கடைசியில் ரோலின் போர்ஹேஸ் ஒன்று. 3-4. ஒரு அணி தோற்பது வேறு, தோற்கக் கற்றுக்கொள்வது வேறு. அன்றைக்கு அவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்று இப்பவும் நம்புகிறேன். அதற்கப்புறம் முன்னிலை கிடைத்தாலே எல்லார் காலும் கூசுகிற மாதிரி ஆடினார்கள்.

காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். முந்தின வருஷம் தடுப்பைக் கட்டிக் காத்த கேப்டன் செரேனோ போய்விட்டார். நடுக்களத்தில் காவில்லான் போய்விட்டார். வியாசர்பாடி தனபால் கணேஷுக்கு முழங்காலில் அடி, சீசன் முழுக்க வெளியே. என்னைக் கேட்டால் இந்தக் கடைசி ஒன்றுதான் பெரிசு. கோல் அடிப்பவனை டிவியில் காட்டுவார்கள். நடுவில் நின்று பந்தைப் பிடுங்கிக் கொடுப்பவன் இல்லாதபோதுதான் அவன் இருந்தது தெரியும். அப்புறம் ஜேஜே. சாம்பியன் சீசனில் 9 கோல் அடித்த ஆள். இந்த சீசனில் 1. ஒன்றே ஒன்று.

ஜேஜே விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. 2019 ஜனவரியில் ஆசியக் கோப்பைக்காக ஐஎஸ்எல்லை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஜனவரி 6, அபுதாபியில் இந்தியா தாய்லாந்தை 4-1 என்று அடித்தது. சேத்ரி ரெண்டு, அனிருத் தாபா ஒன்று, ஜேஜே ஒன்று. தாபாவும் ஜேஜேவும் யாரு? பட்டியலில் அடியில் கிடக்கிற சென்னையின் ஆட்கள். நாட்டுக்காக ஆசியக் கோப்பையில் கோல் அடித்துவிட்டு வந்துதான் ஜேஜே கிளப்புக்கு அந்த சீசனின் ஒரே கோலை அடித்தார், பிப்ரவரி 9ல். அது பெங்களூருக்கு எதிராக. 2-1 என்று ஜெயித்தோம். சீசனின் ரெண்டாவது வெற்றி. முதல் வெற்றி நவம்பர் 6ல் புனேயில், 4-2. இரண்டுக்கும் நடுவில் மூணு மாசம். அந்த மூணு மாசத்தில் எனக்கு அரைப்பரீட்சையும் போய், பொங்கலும் போய்விட்டது.

நிற்க. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன் சென்னை அணிக்கு எதுக்குலே அழணும் என்று இங்கேயே பலபேர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. நாகர்கோவிலிலிருந்து சென்னை போக ஒரு ராத்திரி ரயிலில் படுத்துத் தூங்க வேண்டும். கொச்சி அதைவிடப் பக்கம். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்கள் அந்தப் பக்கத்து ஆட்கள்தான். மேற்கே போகப் போகப் பேச்சே பாதி மலையாளம். அதனால் எங்க ஸ்கூலில் பெரும்பான்மை மஞ்சள் சட்டை, கேரளா பிளாஸ்டர்ஸ். ஆட்டம் பார்ப்பதும் மலையாள வர்ணனையில். ஷைஜு தாமோதரன் கத்துகிற கத்தில் நம்ம அணி கோல் வாங்கினால்கூடக் கொண்டாட்டம் மாதிரி இருக்கும். நீலச் சட்டை போட்டவன் வகுப்பில் நானும் இன்னொருத்தனும். அவனும் பாதியில் கட்சி மாறிவிட்டான்.

பிளாஸ்டர்ஸ் மட்டும் அந்த வருஷம் என்ன கிழித்தது என்கிறீர்களா? அவர்களும் ரெண்டே வெற்றிதான். ஆனால் டிரா 9. அதனால் 15 புள்ளியோடு ஒன்பதாவது. முதல் ஆட்டத்தில் கொல்கத்தாவில் போய் ஏடிகேயை ஜெயித்தார்கள். அப்புறம் 14 ஆட்டத்துக்கு வெற்றியே கிடையாது. அந்தப் பட்டினியை யார் முடித்து வைத்தது? நாங்கள்தான். 2019 பிப்ரவரி 15, கொச்சி, 3-0. பெங்களூரை ஜெயித்த ஆறாவது நாள்! வெள்ளிக்கிழமை ஆட்டம். திங்கட்கிழமை இன்டர்வெல்லில் ஒரு மஞ்சள் சட்டைக்காரன் கேன்டீனிலிருந்து மூணு ஏத்தம்பழ பஜ்ஜி வாங்கி வந்து என் முன்னால் வைத்தான். "கோலுக்கு ஒண்ணு மக்கா, தின்னு." தின்றேன். பஜ்ஜிக்கு என்ன கட்சி?

ஆனால் அந்த சீசனில் எனக்கு மறக்காத ஆட்டம் இது இல்லை. இதே ரெண்டு அணியும் சென்னையில் ஆடியது, 2018 நவம்பர் 29. அன்றைக்கு நான் தூத்தூர் பக்கம் அம்மா வீட்டில் இருந்தேன். மறுநாள் ஒக்கிப் புயலின் முதல் வருஷ நினைவு. நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரைக்கும் அந்த எட்டு ஊர்களில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடு எத்தனை என்று அங்கே போனவர்களுக்குத் தெரியும். மறுநாள் பூசைக்காக வெளியூரில் இருந்த சொந்தமெல்லாம் வந்திருந்தது. அந்தக் கரையில் கால்பந்து என்பது விளையாட்டு இல்லை, பழக்கம். மணலில் சின்னப் பிள்ளை நடக்கும் முன்னே உதைக்கும். செவன்ஸ் போட்டி நடந்தால் பெண்கள் உட்பட ஊரே நிற்கும். ஆகவே ராத்திரி டிவி ஓடியது. யாரும் சத்தம் போடவில்லை. மாமா மகன் அண்ணன் ஒருத்தன், அந்த வருஷம்தான் படிப்பை விட்டுவிட்டு வள்ளத்தில் போகத் தொடங்கியிருந்தவன், என் பக்கத்தில் தரையில் கிடந்து பார்த்தான். அவன் மஞ்சள், நான் நீலம். ரெண்டு அணியும் மகா மோசமாக ஆடின. அங்கிருந்து இங்கே உதை, இங்கிருந்து அங்கே உதை. 0-0.

முடிந்ததும் அடுக்களை வாசலில் நின்றிருந்த அத்தை கேட்டாள், "யாருலே ஜெயிச்சது?"

"யாரும் ஜெயிக்கல அத்தே."

"யாரும் தோக்கவும் இல்லல்லா? அது போதும். போய்க் கிடங்கோ, காலம்பற பூசைக்கு எழும்பணும்."

அத்தை வீட்டிலும் ஒருத்தர் வரவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை.

அந்த அண்ணனுக்கு ஒரு கோபம் உண்டு, அது நியாயம் என்றே நினைக்கிறேன். இதே கரையில் இரவிபுத்தன்துறையிலிருந்து போனவர் மைக்கேல் சூசைராஜ். சென்னை சிட்டி எஃப்சிக்காக ஐ லீகில் ஆடிப் பெயர் வாங்கினார். 2018ல் ஐஎஸ்எல்லுக்குப் போனார். எந்த அணிக்கு? ஜாம்ஷெட்பூர். "நம்ம பயலை ஜார்க்கண்டுக்காரன் கொண்டு போனான், உன் சென்னைக்காரனுக்குக் கண்ணு இல்லியாலே?" என்பான் அண்ணன். சென்னையினும் ஜாம்ஷெட்பூரும் மோதிய நாளில் நான் யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் திண்டாடினேன். நீலச் சட்டை போட்டுக்கொண்டு சூசைராஜ் பந்தை வாங்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். பார்த்தவன் பைத்தியம் என்றிருப்பான்.

சூசைராஜ் விட்டுப்போன அந்தச் சென்னை சிட்டி என்ன ஆனது தெரியுமா? அதே 2018-19 சீசனில் ஐ லீக் சாம்பியன்! பெயர்தான் சென்னை, ஆடியது கோயம்புத்தூரில். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சி, பெட்ரோ மான்சி 21 கோல். 2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தினார்கள். 43, 42. ஒரே மாநிலத்தில் ஒரு லீக்கின் முதல் அணியும் இன்னொரு லீக்கின் கடைசி அணியும் ஒரே வருஷம். மேலே உள்ளவன் கீழே போகவில்லை, கீழே உள்ளவன் மேலே வரவில்லை. அப்போது ஐஎஸ்எல்லில் தரமிறக்கம் கிடையாது. ஐ லீக் ஜெயித்தால் ஐஎஸ்எல்லில் இடமும் கிடையாது. ஜெயித்த சென்னை சிட்டி 2021-22 ஐ லீகில் இல்லவே இல்லை. தோற்ற சென்னையின் இருந்தது. இதைத்தான் நான் இன்னும் ஜீரணிக்க முடியாமல் இருக்கிறேன்.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் புராசஸ் காஸ்டிங் என்று ஒரு பாடம். அதில் நஷ்டம் ரெண்டு வகை. நார்மல் லாஸ் என்பது எண்ணெய் காய்ச்சினால் ஆவியாகிற மாதிரி, எப்படியும் போகப் போவது. அதைத் தனியாக அழ மாட்டார்கள். தேறிய சரக்கின் தலையில் அந்தச் செலவை ஏற்றிவிடுவார்கள். அப்நார்மல் லாஸ் என்பது போயிருக்கக் கூடாதது. அதற்கு நல்ல சரக்கின் விலையையே போட்டு, தனிக் கணக்காக எழுதி, லாப நஷ்டக் கணக்குக்குக் கொண்டு போக வேண்டும். யாரோ பதில் சொல்ல வேண்டும். ஐஎஸ்எல்லின் அப்போதைய ஏற்பாடு என்னவென்றால் எந்தத் தோல்வியும் நார்மல் லாஸ்தான். யார் தலையிலும் விழாது. அமெரிக்கக் கால்பந்தில் (அது முட்டை வடிவப் பந்து, கையில் ஆடுவது) கடைசி வரும் அணிக்கு அடுத்த வருஷம் கல்லூரி ஆட்டக்காரர்களில் முதல் ஆளைப் பொறுக்கும் உரிமையே கொடுக்கிறார்கள். 2017ல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் 16 ஆட்டமும் தோற்றது. ரசிகர்கள் கடுங்குளிரில் 'பரிபூரண சீசன்' என்று ஊர்வலம் விட்டார்கள். அந்த ஊர்வலத்தில் நான் இல்லாமல் போனேனே என்றிருக்கிறது. எங்களுக்கு ஊர்வலமும் இல்லை, முதல் ஆளும் இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கடைசி இடத்துக்குப் பிறகும் கிளப் கிரகரியை விரட்டவில்லை. அதே ஏப்ரலில் புவனேஸ்வரில் சூப்பர் கோப்பை இறுதி வரைக்கும் போய் கோவாவிடம் 2-1 என்று தோற்றார்கள். கடைசியில் 2019 நவம்பர் இறுதியில் அவரே விலகினார். ஓவன் கோயில் வந்தார். லிதுவேனியாக்காரர் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார். அடியில் கிடந்த அணி இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டது! 2020 மார்ச் 14, கோவா ஃபதோர்டா மைதானம். கொரோனா பயத்தில் ஒரு ரசிகன்கூட உள்ளே இல்லை. எதிரே ஏடிகே. அந்த வருஷம் ஏடிகே அணியில் யார் இருந்தது? நம்ம சூசைராஜ். 3-1 என்று தோற்றோம். மாமா மகன் அண்ணனிடமிருந்து போன்: "கோப்பை தூத்தூருக்கு வந்தாச்சு மக்கா." என்னால் கோபப்பட முடியவில்லை.

அதற்குப் பிறகு எட்டாவது, எட்டாவது, எட்டாவது என்று மூணு வருஷம். 2023-24ல் ஆறாவது. 2024-25ல் 13 அணியில் பதினொன்று. அப்புறம் 2025ல், லீக் நடத்தும் உரிமை ஒப்பந்தச் சிக்கலில், வழக்கமாகத் தொடங்குகிற மாசத்தில் சீசனே தொடங்கவில்லை. செப்டம்பர் போனது, அக்டோபர் போனது. தோற்பதற்கும் ஒரு பட்டியல் வேண்டாமா? ஆட்ட அட்டவணை வந்ததா என்று நான் தினம் போனைப் பார்ப்பதைக் கண்டு அம்மா, ஏதோ காதல் விவகாரம் என்றே முடிவு கட்டிவிட்டாள்.

அந்தச் சமயம் ஒரு நாள் அண்ணன் கடலிலிருந்து வந்த கையோடு கூப்பிட்டான். பின்னால் கரைச் சத்தம், மீன் ஏலச் சத்தம். "எப்பலே தொடங்கும்?" என்றான். தெரியாது என்றேன். "சும்மா கிடக்கதுக்கு, ஞாயிறாச்ச வா. இங்க செவன்ஸ் உண்டு. எங்க டீம்ல கோலிக்குக் கை உளுக்கிக் கிடக்கு."

போனேன். நாலு வாங்கினேன்.

பி.கு: பஜ்ஜி வாங்கித் தந்த அந்த மஞ்சள் சட்டைக்காரன் இதை வாசிப்பான் என்று தெரியும். பிளாஸ்டர்ஸ் இதுவரை ஐஎஸ்எல் கோப்பை ஒன்றும் வாங்கவில்லை மக்கா. நாங்கள் ரெண்டு. அதுக்கு ரெண்டு பஜ்ஜி பாக்கி இருக்கு.