ஒரே இரத்தம்

கடந்த ஆண்டுத் தைப்பொங்கலன்று எமது இல்லத்தில் நிகழ்ந்த சம்பவமொன்று இன்னும் எம் நெஞ்சை விட்டகலவில்லை.

பொங்கலுண்டபின் உற்றார் யாவரும் விறாந்தையில் அமர்ந்திருந்தோம். நெடுங்காலமாகச் சலரோகத்தால் வருந்தும் எமது தமையனார், தமது சீனி பார்க்கும் கருவியை எடுத்தார். பேனை போன்ற குத்தூசியால் விரலிற் குத்தி ஒரு துளி இரத்தத்தைச் சோதித்தார். கண்டவர்க்கெல்லாம் ஆவல் பிறந்தது. "எனக்கும் ஒருக்காப் பாருங்கோ அண்ணை" என்று முதலில் விரலை நீட்டியது நாமே! அடுத்து மைத்துனர் நீட்டினார். மூன்றாவதாகச் சின்னம்மா வந்தமர்ந்தபோது, தாதிப் பயிற்சி பெறும் எமது மருமகள் ஓடிவந்து தடுத்தாள்.

"ஏன் பிள்ளை? ஊசியை மாத்தித்தானே குத்துறன். நாங்கள் எல்லாரும் ஒரே இரத்தம்தானே!" என்றார் தமையனார், மனம் நொந்து.

"ஊசியை மாத்தலாம் மாமா, பேனையிலை பட்ட இரத்தத்தை என்ன செய்யிறது?" என்றாள் அவள்.

அவள் கூறியவற்றைக் கேட்டு நாம் திகைத்தோம். கண்ணுக்குத் தெரியாத சிறிதளவு இரத்தமும் நோயைப் பரப்பப் போதுமாம். ஈரலைத் தாக்கும் ஹெப்பரைற்றிஸ் பி கிருமி, உடலுக்கு வெளியே ஏழு நாட்களேனும் உயிர்வாழ வல்லது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், முதியோர் இல்லமொன்றில், ஒருவருக்கென அமைந்த குத்தூசிப் பேனையைப் பலருக்கும் பயன்படுத்தினர். அதனால் 2010ஆம் ஆண்டில் 8 பேர் அந்நோய்க்கு ஆளாகினர்; அவர்களுள் 6 பேர் மாண்டனர். உதவி செய்ய நீண்ட கைகளே நோயையும் கொண்டு சென்றன!

மறுநாளே நாமும் மைத்துனரும் வைத்தியரை நாடினோம். அன்றும், சில மாதங்கள் கழித்தும் எம் இரத்தத்தைச் சோதித்தார். குறையேதும் காணப்படவில்லை. ஆயினும், இடைப்பட்ட அம்மாதங்களில் எமக்கு உறக்கம் ஏது?

சலரோகமுள்ள இல்லத்தார் இதனை மனத்திற் கொள்வார்களாக. குத்தூசிப் பேனை ஒருவருக்கு ஒன்றே; கணவன் மனைவியாயினும் மாற்றலாகாது. ஊசியை ஒரு முறைக்கு மேற் பயன்படுத்தாது, தடித்த மூடியுள்ள கொள்கலத்தில் இடல் வேண்டும். இரத்தத்தை அளக்கும் கருவியும் ஆளுக்கொன்றாய் இருத்தல் நன்று; பொதுவாயின், ஒவ்வொரு முறையும் கிருமிநீக்கம் செய்தல் அவசியம்.

இப்போது தமையனாரின் பேனையில் அவர் பெயர் எழுதி ஒட்டப்பட்டிருக்கின்றது. இவ்வாண்டுப் பொங்கலன்றும் விறாந்தையில் எல்லோரும் கூடினோம். பொங்கலைப் பகிர்ந்துண்டோம், பேனையை எவரும் கேட்கவில்லை.