எங்க ஊர் ஆளுக இறங்குற எழும்பூர்

நெல்லு, தென்னை, கண்மாய் என்றே எழுதிக்கிட்டு இருக்கேன். இந்தத் தடவை உங்க ஊர்ல இருக்கிற ஒரு இடத்தைப் பற்றி எழுதலாம்னு தோணுச்சு.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வயசான ஆளுக யார்கிட்டயாவது மெட்ராஸைப் பற்றிக் கேட்டுப் பாருங்க. பீச்சும் எல்.ஐ.சி. கட்டடமும் அப்புறம்தான் வரும். முதல்ல எழும்பூர் ஸ்டேஷனைத்தான் சொல்வாங்க. அதுக்குக் காரணம் தண்டவாளம்.

அந்தக் காலத்துல சென்ட்ரல்ல அகலப்பாதை, எழும்பூர்ல மீட்டர்கேஜ். விழுப்புரம், திருச்சி, மதுரை என்று தெற்கே வர்ற பாதை அம்புட்டும் எழும்பூர்ல இருந்துதான் கிளம்பும். எங்க விருதுநகர் - தென்காசி பாதை 1927-ல வந்தது. அதுவும் மீட்டர்கேஜ்தான். அதனால எங்க பக்கம் ரயில் ஏறுற ஆளு மெட்ராஸ்ல வேற எங்கேயும் போய் இறங்க வழியே இல்லை. கொல்லம் மெயில்ல ஏறிப் படுத்தா எழும்பூர்ல போய் நிக்கும்.

நான் முதல் தடவை போனது எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவுல, எங்க அய்யாகூட. ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். இறங்கின உடனே அய்யா சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு. "கூட்டத்துல தொலைஞ்சு போனா பயப்படாத. எழும்பூர் ஸ்டேஷன் எங்கன்னு கேளு. இங்க வந்துட்டா எந்த ரயில் கிளம்புனாலும் நம்ம பக்கம்தான் போகும்." அய்யாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா எந்த ஸ்டேஷன் நம்ம ஸ்டேஷன்னு தெரியும்.

அந்தச் சிவப்புக் கட்டடத்தோட கதையை நான் ரொம்பப் பிந்தித்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். 1905-ல வேலை ஆரம்பிச்சு, 1908 ஜூன் 11-ல திறந்திருக்காங்க. தென்னிந்திய ரயில்வே கம்பெனி கட்டினது. வரைபடம் போட்டவர் ஹென்றி இர்வின். மைசூர் அரண்மனைக்கும் அவர்தான். கட்டி முடிச்ச காண்டிராக்டர் பெங்களூரைச் சேர்ந்த சாமிநாத பிள்ளை. செலவு 17 லட்சம். ராமேஸ்வரத்துக்குக் கடல் பாலம் வந்த 1914-க்குப் பிறகு, இங்கே ஏறின ஆளு தனுஷ்கோடி வரை ரயில்லயும், அங்கிருந்து கப்பல்லயும் இலங்கைக்கே போயிருக்கான். 1964 புயல்ல தனுஷ்கோடி அழிஞ்சதோட அந்த வழி முடிஞ்சுபோச்சு.

இதுல என்னை ரொம்ப யோசிக்க வெச்சது கட்டடம் இல்லை, அது நிக்கிற மண்ணு. அந்த இடத்துல ஒரு பகுதி டாக்டர் புல்னி ஆண்டி என்பவருக்குச் சொந்தமா இருந்திருக்கு. சீமைக்குப் போய் மருத்துவம் படிச்ச ஆரம்பகால இந்தியர்கள்ல ஒருத்தர். ஸ்டேஷனுக்கு நிலம் கேட்டப்போ முதல்ல கொடுக்க மாட்டேன்னுதான் சொல்லியிருக்கார். இதே மாதிரி வேற இடம் எனக்குக் கிடைக்காதே என்பது அவரோட காரணம். கடைசியில ஒரு லட்ச ரூபாய்க்குக் கொடுத்திருக்கார்.

அந்தக் காலத்துல லட்ச ரூபாய் பெரிய பணம்தான். ஆனாலும் அவர் சொன்ன காரணம் எனக்குப் புரியுது. எங்க பக்கம் நாலு வழிச்சாலைக்குக் கல் ஊன்ற வந்தப்போ, என் பக்கத்து வயக்காரரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். "பணம் தர்றீக, சரி. இந்தக் கிணத்துத் தண்ணியோட இன்னொரு வயலை எங்க போய் வாங்க?" சீமையில படிச்ச டாக்டரும் வரப்புல நிக்கிற சம்சாரியும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்காங்க. ஒருத்தர் விட்டுக்கொடுத்த நிலத்துல பொது இடம் ஒண்ணு வந்தா, அது கடைசி வரைக்கும் எல்லாருக்கும் பொதுவா இருக்கணும். என் நினைப்பு அதுதான்.

இப்போ நாங்க வர்றது பொதிகை எக்ஸ்பிரஸ்ல. அகலப்பாதை வேலை நடந்த வருசங்கள்ல ராத்திரி பூரா பஸ்தான். 2004 வாக்கில் பொதிகை வந்த பிறகுதான் முதுகு வலி போச்சு. சாயங்காலம் செங்கோட்டையில கிளம்பி ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியா வந்து, விடியக்காலம் உங்க ஊர்ல இறக்கி விட்டுரும். மாம்பழ சீசன்ல அந்தப் பெட்டிக்குள்ள நுழைஞ்சு பாருங்க, சப்பட்டை மாம்பழ வாசனை தூக்கும். சீட்டுக்கு அடியில பூரா சாக்கு, அட்டைப்பெட்டி, பால்கோவா டப்பா. மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் போறது.

எல்லாரும் மகன் வீட்டுக்கு வர்றவங்க இல்லை. எழும்பூர் ஸ்டேஷனைச் சுத்தி என்னென்ன இருக்குன்னு கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. 1819-ல தொடங்கின அரசு கண் ஆஸ்பத்திரி. 1844-ல தொடங்கின பிரசவ ஆஸ்பத்திரி. குழந்தைகள் ஆஸ்பத்திரி. எல்லாமே நடந்து போற தூரம். ஸ்டேஷனுக்கு எதிர்லயே கென்னட் லேன் லாட்ஜுகள்.

பத்து வருசத்துக்கு முன்னால எங்க அக்கா பேரனுக்கு மூணு வயசு இருக்கும்போது மூச்சு விடச் சிரமம். மதுரையில பார்த்துட்டுச் சென்னைக்குக் கொண்டு போங்கன்னு சொல்லிட்டாங்க. அக்கா, மருமக, நான் மூணு பேரும் பிள்ளையைத் தூக்கிட்டுப் பொதிகையில வந்து இறங்கினோம். விடிஞ்சும் விடியாத நேரம். ஸ்டேஷன்லயே பிள்ளைக்கு முகம் கழுவிவிட்டு, ஒரு பாலை வாங்கிக் கொடுத்து, வழி கேட்டு நடந்தே குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டோம். பதினேழு நாள் இருந்தோம். லாட்ஜ்ல தங்கக் கையில காசு பத்தாம ரெண்டு ராத்திரி நான் ஸ்டேஷன்லதான் படுத்தேன். ஊருக்குப் போற டிக்கெட் ஒண்ணு சட்டைப்பையில இருந்தது. யாரும் எழுப்பி விடலை. பிள்ளை இப்போ எட்டாம் வகுப்பு படிக்கிறான், கபடி ஆடுறான்.

2022 மே மாசம் அடிக்கல் நாட்டி, இப்போ ஸ்டேஷனைப் புதுசாக்கிக்கிட்டு இருக்காங்க. திட்டச் செலவு சுமார் 735 கோடி. பழைய கட்டடத்தை அப்படியே வெச்சுக்கிட்டு, காந்தி இர்வின் ரோடு பக்கமும் பூந்தமல்லி ஹைரோடு பக்கமும் புதுக் கட்டடம், வண்டி நிறுத்த அடுக்குமாடி எல்லாம் வருது. 2018-லயே மெட்ரோவும் வந்துருச்சு. வரட்டும், நல்லதுதான். மூட்டையோட படியேற முடியாத கிழவிக்கு லிப்ட் வந்தா அதைவிட என்ன வேணும்?

எனக்கு இருக்கிற கவலை ஒண்ணே ஒண்ணு. ரிசர்வேஷன் 60 நாளைக்கு முன்னால திறக்குது. பொங்கல், தீபாவளின்னா நீங்க போன்ல தட்டி முடிக்கிறதுக்குள்ள காலி. 60 நாள் கழிச்சு எனக்கு அறுப்பா, மழையான்னே தெரியாது. உடம்புக்கு முடியாமப் போறதும் தேதி சொல்லிட்டு வர்றது இல்லை. அதனால எங்க ஆளுக பாதிப்பேர் முன்பதிவு இல்லாத பெட்டியிலதான், கக்கூஸ் பக்கத்துல உட்கார்ந்து வர்றோம். அப்படி வந்து இறங்குறவனுக்கு, காசு கேக்காத ஒரு பெஞ்சு, ஒரு தண்ணிக் குழாய், சுத்தமான ஒரு கழிப்பறை, ஆஸ்பத்திரி திறக்கிற வரைக்கும் பிள்ளையைக் கிடத்த ஒரு நிழல் வேணும். கண்ணாடிக் கட்டடத்துல இதெல்லாம் கட்டண அறைக்குள்ள போயிரக் கூடாது.

சென்னையில இருக்கிற நீங்க இதைக் கேட்டா காதுல விழும். நாங்க ஊர்ல இருந்து கேட்டா விழாது. அடுத்த தடவை ஊருக்கு வர எழும்பூர் போறப்போ பத்து நிமிஷம் முன்னாடியே போங்க. தரையில துண்டு விரிச்சு உட்கார்ந்திருக்கிறவங்ககிட்ட எந்த ஊருன்னு கேளுங்க. எங்க பக்கத்து ஆளா இருந்தா, எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும், வழி தெரியுமான்னும் ஒரு வார்த்தை கேட்டுருங்க.