பிளேடு முறியும் இடம்

மதுரையில் பூஜை மாடம் செய்து கொடுக்கும் பட்டறைகளில் கையைச் சோதிப்பது திருவாசி வளைவுதான். நேர்கோட்டில் போகும்வரை ஜிக்சா மெஷின் சொன்னபடி கேட்கும். வளைவு இறுகும் இடத்தில் சட்டென்று பிளேடு முறியும். அடிக்கடி முறியாமல் அறுக்கிறவர் என்று பெயரெடுத்த ஒரு மேஸ்திரியின் வேலையைப் பார்க்கப் போயிருந்தேன். மரக்கதவு காலத்து ஆசாரி அவர். இப்போது அவர் கைக்கு வருவதெல்லாம் எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட்.

முறிந்த பிளேடுகளைத் தகர டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். பெஞ்சில் கொட்டினார். சிலவற்றில் பல் மழுங்கியிருந்தது, சிலவற்றில் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. முறிந்த இடம் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்: மெஷின் கவ்விப் பிடிக்கும் கழுத்துக்குச் சற்றுக் கீழே.

“கை திருப்புது, உள்ள பிளேடு திரும்ப இடமில்ல. அப்ப முறுக்கு பூராவும் கழுத்துலதான சார் விழும்?”

பிளேடு போன தடம் அதன் பல் அகலத்துக்குத்தான் இருக்கும். நேர்வெட்டுக்கான டி101பி போன்ற பிளேடின் முதுகு அகலமானது. அதை அந்தச் சந்துக்குள் திருப்பினால் முதுகு இரு பக்கமும் உரசிச் சூடாகிறது. வளைவுக்கென்றே வரும் டி101ஏஓ, டி119பிஓ பிளேடுகளுக்கு முதுகு ஒடுக்கம். கடைசியில் நிற்கும் ‘ஓ’தான் அடையாளம். ஆனால் அவை மெல்லிய பலகைக்கானவை. திருவாசிக்கு வரும் 18 மி.மீ. பலகைக்கு மேஸ்திரி எடுப்பது பல் பெருத்த டி244டி. விளிம்பு கரடாகத்தான் வரும். கோட்டுக்கு வெளியே ஒரு நூல் விட்டு அறுத்து, பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொள்கிறார்.

அன்று வெட்டியது அவரிடம் வேலை பழகும் இளைஞன். பென்சில் கோட்டில் மெஷினை வைப்பதற்கு முன்பே பாதி வேலை நடந்துவிட்டது. நல்ல முகம் கீழே இருக்கும்படி பலகையைக் கவிழ்த்துப் போட்டான். பல் மேல்நோக்கி அறுப்பதால் சிதறல் மேல்பக்கம்தான் வரும். வளைவு மடங்கும் மூலைகளில் 10 மி.மீ. பிட்டால் துளையிட்டான். பிறகு, கழிவுப் பக்கத்து ஓரத்திலிருந்து கோட்டைத் தொடாமல் நிற்கும்படி குறுக்கே வரிசையாகச் சின்ன வெட்டுகள். இவை எதற்கென்று வளைவை அறுக்கும்போதுதான் புரிந்தது. பிளேடு ஒவ்வொரு குறுக்குவெட்டையும் கடக்கும்போது ஒரு துண்டு கழன்று விழுந்தது. விழுந்ததும் பிளேடின் ஒரு பக்கம் காலியாகி, அது தாராளமாகத் திரும்பியது. துளைக்குள் வந்து சேர்ந்ததும் மெஷினை நிறுத்தி, பிளேடு அசைவற்று நின்ற பிறகே திசை மாற்றினான். ஓடும் பிளேடை மேலே தூக்கினால், மறுபடி இறங்கும்போது நுனி பலகையில் குத்தி வளைந்துவிடும்.

“தம்பி, தள்ளாத. அது கேக்குற வேகத்துக்கு விடு,” என்றார் மேஸ்திரி. “சரிண்ணே” என்றவன் தோளைத் தளர்த்தியதும் மோட்டார் சத்தமே மாறியது.

மெஷினின் பக்கவாட்டில் 0 முதல் 3 வரை ஒரு குமிழ் உண்டு. எண் கூடினால் பிளேடு மேலும் கீழும் போவதோடு முன்னும் பின்னும் ஆடும். நேர்வெட்டில் அது வேகம் தரும், வளைவில் 0-தான். பலகைக்கு அடியில் தாங்கல் வெட்டுக்கோட்டை ஒட்டியே இருக்க வேண்டும் என்பதையும் மேஸ்திரி விடவில்லை. 1946-இல் சுவிட்சர்லாந்தின் சிண்டில்லா நிறுவனப் பொறியாளர் ஆல்பர்ட் காஃப்மன், தையல் மெஷினில் ஊசிக்குப் பதிலாக வாள்பிளேடை மாட்டிப் பார்த்ததில் பிறந்தது இந்தக் கருவி. தையல் மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கக் கால் இருக்கிறது. இங்கே பலகை துள்ளினால் பிடிக்கக் கிளாம்பும் தாங்கலும்தான்.

பிளேடு முறியப் பசையும் ஒரு காரணம். ஐ.எஸ். 710 தரத்து மெரைன் பிளைவுட்டில் அடுக்குகளை ஒட்டும் பீனாலிக் பசை இறுகிக் கடினமானது. பல்லைச் சீக்கிரம் மழுக்கும். மழுங்கிய பிளேடு அறுக்காது, தேய்க்கும். கருகல் வாடை வரும், கை தானாகவே அழுத்தத் தொடங்கும், அடுத்தது முறிவுதான். வாடை வந்தவுடன் பிளேடை மாற்றினால் தீர்ந்தது.

மாற்ற விடுகிறார்களா என்பதுதான் கேள்வி. அந்த இளைஞன் முன்பு வேலை பார்த்த இடத்தில், முறிந்த பிளேடின் விலையைச் சம்பளத்தில் பிடிப்பார்களாம். அதனால் மழுங்கியதை மாற்றக் கேட்கவே பயந்து, அழுத்தி அழுத்தியே ஓட்டியிருக்கிறான். முறிந்த துண்டு ஒன்று தெறித்து அவன் புருவத்தில் கீறிய தழும்பு இன்னும் இருக்கிறது. கண்ணுக்குத் தப்பியது அதிர்ஷ்டம். கண்ணாடியும் கொடுக்காமல், கூலியிலும் கை வைத்து, பிளேடு முறிந்ததற்கு இவனைக் குற்றம் சொல்வது அநியாயம். அந்தப் பிடித்தம்தான் அங்கே பிளேடை முறித்தது என்றே சொல்வேன்.

இங்கே என்ன வழக்கம் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். “பில் போடும்போதே பெவிகால், ஆணி மாதிரி பிளேடையும் ஒரு வரியா எழுதிருவேன் சார். அது எதுக்குன்னு எந்தப் பார்ட்டியும் கேட்டதில்ல,” என்றார்.