ஸ்ரீரங்கத்துக் கொட்டாரங்கள்: நெல்லுக்கென எழுந்த கட்டடம்

ஏழு திருச்சுற்றுகளைக் கொண்டு ஏறத்தாழ 156 ஏக்கர் பரப்பில் விரியும் ஸ்ரீரங்கம் அரங்கநாதர் கோயிலைப் பற்றிய நூல்கள், 1987இல் நிறைவுற்ற 236 அடி உயர ராஜகோபுரத்தையும் ஆயிரங்கால் மண்டபத்தையும் விரிவாகப் பேசிவிட்டு, உள் திருச்சுற்றில் உள்ள கொட்டாரங்களை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. கொட்டாரம் என்பது கோயில் நிலங்களிலிருந்து வந்துசேரும் நெல்லைக் கொட்டிச் சேமிக்கும் களஞ்சியமாகும். நாள்தோறும் இறைவனுக்கு அமுது சமைக்கும் தளிகை நடக்கும் இத்தகைய பெருங்கோயிலுக்கு அது கருவூலத்துக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணத்தக்கது.

செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பப்பட்ட இக்குதிர்கள் வட்டமாக இருப்பதற்கு அழகு மட்டும் காரணமன்று. குவித்த நெல் தரையை அழுத்துவதோடு பக்கவாட்டிலும் சுவரைத் தள்ளுவதால், சதுர அறையில் அந்த அழுத்தம் நேர்ச்சுவரின் நடுப்பகுதியைப் புடைக்கச் செய்து மூலைகளைப் பிளக்க முயலும். வட்டச் சுவரிலோ அது எல்லாப் பக்கமும் சமமாகப் பகிரப்படும். மேலும், தானியம் சுவரோடு உராய்வதால் அதன் எடையில் ஒரு பகுதியைச் சுவரே தாங்கிக்கொள்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் யான்சென் இதனை 1895இல் கணக்கிட்டுக் காட்டினார் என்றாலும், காவிரிக் கரைக் கொத்தர்கள் அதற்குப் பன்னெடுங்காலம் முன்பே பட்டறிவால் இதனை உணர்ந்திருந்தனர் என்று கொள்வதில் தவறில்லை. பழைய நெல்லும் பூச்சியும் தங்குவதற்கு மூலை இல்லாமையும், ஈரம் ஏறாதபடி உயர்த்திய அடித்தளமும், மழைநீர் நில்லாது வழியும் மேற்கூரையும் இவ்வகைக் கட்டடத்துக்கு இன்றியமையாதவை. நெல் மேலே கொட்டப்பட்டுக் கீழே எடுக்கப்படும்.

இவ்வடிவத்தின் முழு வளர்ச்சியைத் தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் காணலாம். தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தது எனப்படும் அங்குள்ள நெற்களஞ்சியம், அடியில் வட்டமாகத் தொடங்கி மேலே கூம்பாகக் குவிகிறது. வெவ்வேறு உயரங்களில் விட்ட திறப்புகள், நெல்மட்டம் ஏறும்போதும் இறங்கும்போதும் அதற்கேற்பப் பயன்பட்டவை. 1770ஆம் ஆண்டுப் பஞ்சத்துக்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனி பாட்னாவில் 1786இல் கட்டி முடித்த கோல்கர் என்னும் களஞ்சியம், தூண் எதுவும் இன்றி 29 மீட்டர் உயரும் குவிமாடமாக, இதே சிந்தனையை மிகப் பெரிய அளவில் செய்து பார்த்தது.

நெல்லுக்கென எழுந்த இவ்வடிவம் வேறு பயனுக்கு எளிதில் மாறாது. பண்ணைக் கட்டடங்கள் பின்னாளில் குதிரை லாயங்களாக மாறிய வரலாறு ஐரோப்பாவில் இயல்பானது. அங்கே வைக்கோலும் தானியமும் வைத்த நீள்சதுரக் கொட்டகையில் அகன்ற வாயில் இருந்ததால், தடுப்புகள் அமைப்பதே போதுமானதாயிற்று. தமிழ்நாட்டு வட்டக் களஞ்சியத்துக்கு அம்மாற்றம் பொருந்தாது. குதிரைக்குக் காற்றோட்டமும், சிறுநீர் வடியச் சாய்தளமும், திரும்புவதற்கு இடமும் தேவை. காற்றையும் ஈரத்தையும் தடுக்கவே எழுந்த குதிர் இம்மூன்றையும் மறுக்கிறது. 1751-52இல் ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் பெரும்படையும் ழாக் லா தலைமையிலான பிரெஞ்சுப் படையும் ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் ஆகிய கோயில்களைப் பாசறையாக்கிக்கொண்டு, 1752 ஜூனில் சரணடையும் வரை அங்கேயே சிக்கிக் கிடந்தபோது, அவர்களுக்குப் பயன்பட்டிருக்கக்கூடியவை மதில்களும் திறந்த மண்டபங்களுமே. பாயும் குதிரைகளைத் தூண்களிலே செதுக்கிய சேஷராயர் மண்டபமும் ஸ்ரீரங்கத்திலேயே நிற்கிறது என்பது வேடிக்கையான பொருத்தம்.

களஞ்சியமும் லாயமும் அருகருகே நிற்பதைச் செஞ்சிக் கோட்டையில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2025இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட மராட்டிய இராணுவ நிலக்காட்சிகளுள் ஒன்றான அக்கோட்டையில், களஞ்சியம் தடித்த சுவர்களும் வளைகூரையுமாக இறுகி நிற்க, லாயம் எனச் சுட்டப்படும் கட்டடம் வரிசையான வளைவுகளோடு வெளியை நோக்கித் திறந்திருக்கிறது. பின்னாளில் நெல் சாக்கு மூட்டைகளில் வரத் தொடங்கியதும், சுவரைத் தள்ளாத மூட்டைகளை எந்தச் சதுர அறையிலும் அடுக்கிவிட முடிந்தமையால், வட்டக் களஞ்சியத்தைப் புதிதாகக் கட்ட வேண்டிய தேவையே அற்றுப்போயிற்று.