இறக்கத்தில் நிறுத்திய வண்டி

கொடைக்கானல் நகரத்திலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று நீண்டு செல்லும் ஊர்களை மேல்மலை என்று அழைப்பர். அவ்வூர்களின் கோடியில், கிளாவரையை அடுத்து அமைந்த சிற்றூர் போளூர். திருவண்ணாமலை மாவட்டத்தில் இதே பெயர் தாங்கிய ஊர் வேறு. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 2000 மீட்டர் மேலே கிடக்கும் இம்மலைப் பரப்பில் விளையும் பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கும், உருளைக்கிழங்கும் காரட்டும் முட்டைக்கோஸும் சமவெளி மண்டிகளுக்கும் வண்டியேறியே போக வேண்டும். ஓர் உதிரிப்பாகம் வாங்கவும் கொடைக்கானல் வரை போயாக வேண்டிய இடத்தில், வைகறையில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும் பிக்கப் வண்டி அதன் ஓட்டுநரிடம் முதலில் கேட்பது ஸ்பேனரை அன்று, வரிசை தவறாத யோசனையை.

அந்த வரிசையின் முதல் படி செவியால் ஆவது. சாவியைத் திருப்பும்போது ‘செல்ஃப்’ என்று எல்லாரும் சொல்லும் ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுழற்றுகிறதா இல்லையா என்பதே எல்லாக் கோளாறுகளையும் இரு கூறாகப் பிரிக்கும் கேள்வி. செல்ஃப் எடுக்கவில்லை என்றால் குறை மின்சாரத்தின் பக்கம் இருக்கிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் எரிபொருள், காற்று, வெப்பம் ஆகிய மூன்றில் ஒன்று வந்து சேரவில்லை. இந்தப் பிரிவினையைச் செய்யாமல் எடுத்த எடுப்பில் டீசல் ஃபில்டரைக் கழற்றுபவர் ஒரு மணி நேரத்தை வீணாக்குவதோடு, இல்லாதிருந்த ஒரு கோளாற்றைப் புதிதாக உண்டாக்கியும் விடுகிறார். அது என்ன என்பது பின்னர் வரும்.

‘டக் டக்’ என்ற ஒலி மட்டும் கேட்டு, ஹெட்லைட்டும் மங்கினால் பெரும்பாலும் பாட்டரி இறங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். ஈயத் தகடுகளும் கந்தக அமிலக் கரைசலும் கொண்ட பாட்டரி வேதிவினையால் மின்சாரம் தருவது. குளிரில் அவ்வினை மந்தமாவதால், வெப்பநிலை சுழியத்தை நெருங்கும்போது அது தரக்கூடிய ஸ்டார்ட்டிங் வலிமையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அதே குளிர் எஞ்சின் ஆயிலையும் கெட்டியாக்கி, சுழற்றுவதற்கு வேண்டிய வலிமையைக் கூட்டுகிறது. வரவு குறைந்து செலவு ஏறும் இந்த இருமுனை நெருக்கடியால்தான், மார்ச் மாதத்தில் குறை தெரியாத பாட்டரி மார்கழி உறைபனியில் கைவிடுகிறது. ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பாட்டரி நிறைவானது. 12 வோல்ட் அளவுக்கு இறங்கியது ஏறக்குறைய முக்கால் பங்கு தீர்ந்தது. ஆனால் மீட்டரை எடுப்பதற்கு முன் டெர்மினலைப் பார்ப்பதே முறை. வெண்மையும் பசுமையுமாகப் பூத்த உப்பு, நல்ல பாட்டரியையும் செத்த பாட்டரிபோல் காட்டும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, சுரண்டி, இறுக்கினாலே வண்டி எடுத்துவிடுவது அரிதன்று.

செல்ஃப் சுற்றியும் பிடிக்காத டீசல் வண்டியின் சிக்கல் இதைவிடச் சுவையானது. பெட்ரோல் எஞ்சினில் பிளக்கின் தீப்பொறி எரிபொருளைப் பற்றவைக்க, டீசல் எஞ்சினிலோ காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அமுக்கும்போது எழும் வெப்பமே, அதாவது 500 பாகை செல்சியஸையும் தாண்டும் வெப்பமே, தெளிக்கப்படும் டீசலை எரியச் செய்கிறது. அமுக்கப்படும் காற்று தொடக்கத்திலேயே குளிர்ந்திருந்தால், இரவெல்லாம் பனியில் நின்ற இரும்பு அதன் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டால், அந்த அளவை எட்டுவது கடினம். போதாததற்கு, 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். சிலிண்டருக்குள் நுழையும் காற்றும் அவ்வளவே. இக்குறையை ஈடுசெய்யவே ஹீட்டர் பிளக் என்னும் சிறு மின்கம்பி சிலிண்டரின் தலைப்பகுதியில் பொருத்தப்பட்டு, சாவியைப் போட்டவுடன் சிவக்கச் சூடேறுகிறது. டாஷ்போர்டில் சுருள் வடிவ விளக்கு அணையும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்பது இதனால்தான். நான்கு ஹீட்டர் பிளக்குகளில் இரண்டு எரிந்துபோனாலும் வத்தலக்குண்டில் அந்த வண்டி ஒரே சுற்றில் எடுக்கும், மேல்மலையில் எடுக்காது. சமவெளி மன்னித்துவிடும் குறையை மலை மன்னிப்பதில்லை.

டீசல் உறைந்துவிட்டது என்று சொல்வதும் வழக்கத்தில் உண்டு. டீசலில் கரைந்திருக்கும் மெழுகுப் பொருள் குளிரில் துகள்களாகப் பிரிந்து ஃபில்டரை அடைக்கக்கூடியது என்பது உண்மை. டீசலுக்கான இந்தியத் தரநிர்ணயம் குளிர்காலத்துக்கும் கோடைக்கும் தனித்தனி வரம்புகளை வகுத்திருப்பதும், இந்தியன் ஆயில் நிறுவனம் 2019ஆம் ஆண்டு லடாக்கிற்கென்று சுழியத்துக்குக் கீழே 33 பாகை வரை ஓடும் தனி டீசலை அறிமுகப்படுத்தியதும் இதன்பொருட்டே. ஆயினும் லடாக்கின் குளிர் வேறு, மேல்மலை அமைந்த இந்தப் பழனி மலைத்தொடரின் குளிர் வேறு. இங்கே உறைபனி புல்வெளியையும் பள்ளத்தாக்கையும் வெளுக்கச் செய்யும் சில மணி நேரங்கள் வெயில் ஏறியதும் முடிந்துவிடுவதால், மெழுகின்மேல் பழி போடுவதற்கு முன்னர் ஃபில்டரில் சேர்ந்த தண்ணீரையும், டீசல் லைனில் புகுந்த காற்றையும் ஐயுறுவதே பொருந்தும். ஃபில்டரைக் கழற்றும்போது இப்படிக் காற்று புகுவதே மேலே சொல்லாமல் விட்ட கோளாறு. லைனுக்குள் காற்று புகுந்துவிட்டால், பம்ப் அழுத்தும் அழுத்தமெல்லாம் அக்காற்றைச் சுருக்குவதிலேயே தீர்ந்து, டீசல் முன்னே நகராமல் நின்றுவிடுகிறது. இதை ஏர் லாக் என்பர். ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, ஹேண்ட் பம்பை அழுத்தி, நுரை நின்று தூய டீசல் வழியும்வரை காற்றை வெளியேற்றி, மீண்டும் இறுக்குவது பழைய வண்டிகளில் ஓட்டுநர் எவரும் கற்றிருந்த வேலை.

பெட்ரோலில் ஓடும் பழைய மோட்டார் சைக்கிளைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. குளிரில் சோக்கை இழுப்பது சரி. இழுத்தபடியே கிக்கரை உதைத்துக்கொண்டிருந்தால் எரிபொருள் மிகுந்து பிளக் நனைந்து ‘ஓவர்ஃப்ளோ’ ஆகிவிடும், அதன்பின் பிளக்கைக் கழற்றித் துடைப்பதே வழி. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தபின் பெரும்பாலான புதிய வண்டிகளில் ஃப்யூவல் இன்ஜெக்ஷன் இடம்பிடிக்க, அவற்றிலிருந்து சோக்கும் விடைபெற்றது.

எஞ்சினை எழுப்புவதற்கு முற்காலத்தில் மனிதர் பட்ட பாடு இவற்றைவிடப் பெரிது. கொடைக்கானலுக்கு மோட்டார்ச் சாலை முதல் உலகப் போர்க் காலத்தில்தான் வந்தது; அதுவரை துரைமார் நாற்காலியில் அமர்ந்து கூலியாட்களின் தோளில் மலையேறினர். சாலை வந்த காலத்து வண்டிகளை எஞ்சினின் முன்புறம் கைப்பிடியைச் செருகிச் சுற்றியே கிளப்பினர். எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் மணிக்கட்டு முறிந்தது. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் காடிலாக் காரில் வந்துவிட்ட போதிலும், கைப்பிடி இந்திய ஜீப்புகளிலும் அம்பாசிடரிலும் நெடுங்காலம் துணைக்கு நின்றது. ஜி. டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் இம்மலையின் அடிவாரத்துப் பழனிக்கும் இடையே தம் முதல் பஸ்ஸை ஓட்டியதும் அந்தக் காலத்தில்தான். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தபோது மதுரையின் டி.வி.எஸ். போன்ற நிறுவனங்கள் செய்த கரிவாயு உலைகளைச் சுமந்து பஸ்கள் ஓடின. கரியைப் பற்றவைத்து, காற்றூதியைக் கையால் சுற்றி, போதிய வாயு பிறக்கும்வரை பயணிகள் காத்திருந்தனர். ஒரு திருப்பில் எடுக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பே மிக இளையது.

மலைவாசிகளுக்கோ ஸ்டார்ட்டருக்கும் மேலான ஒன்று தரையிலேயே கிடைத்திருந்தது. இரவில் வண்டியை இறக்கத்தைப் பார்த்து நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டால், காலையில் கல்லை எடுத்து உருளவிட்டு, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டவுடன் சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். மலைச்சரிவு தரும் இவ்வுதவி ஒரு தீங்கையும் கூடவே தருகிறது: தினமும் உருண்டே கிளம்பும் வண்டியின் பாட்டரி செத்துக்கொண்டிருப்பது உரிமையாளருக்குத் தெரிவதில்லை, தெரிந்தாலும் உறுத்துவதில்லை. பூண்டு மூட்டையுடன் சமதரையில் எஞ்சின் அணையும் நாளில்தான், பல மாதங்களாக மறைந்திருந்த குறை வெளிப்படுகிறது. கோளாற்றைத் தீர்க்கும் உபாயமும் கோளாற்றை மறைக்கும் உபாயமும் ஒன்றேயாக இருப்பது பழுதறியும் கலையில் மிகக் கொடிய இடர் எனலாம்.

புதிய வண்டிகள் இந்த உபாயத்தைப் பெரிதும் பறித்துவிட்டன. எரிபொருளை எப்போது, எவ்வளவு தெளிப்பது என்பதை மின்னணுக் கணினி தீர்மானிப்பதால், பாட்டரி அடியோடு வற்றியபின் எவ்வளவு தூரம் உருட்டினாலும் எஞ்சின் விழிப்பதில்லை. தானியங்கிக் கியர் உள்ளவற்றில் அம்முயற்சிக்கே இடமில்லை. உருட்டக்கூடிய வண்டியிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. எஞ்சின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவும் வெற்றிட அமைப்பில் ஓரிரு முறை மிதிப்பதற்குரிய வலிமையே மிஞ்சியிருக்கும், அதன்பின் பெடல் இறுகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். சாவி திருப்பப்படாமல் இருந்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். ஆகையால் சாவியைப் போட்டு, ஸ்டியரிங்கை அசைத்துப் பார்த்து, ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா என்று உறுதிசெய்து, கீழே உள்ள வளைவு வரை பாதையில் ஆளும் மாடும் இல்லை என்று கண்டபிறகே, ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருக்க, வேறொருவர் பக்கவாட்டில் நின்று கல்லை அகற்ற வேண்டும்.