காலு எங்கயும் ஓடிப்போவாது!

"நீச்சல் தெரியும், சைக்கிளில் கையை விட்டு ஓட்டத் தெரியும், அப்புறம் என்ன?" என்ற தெம்பில்தான் கோவளம் கடலில் சர்ஃபிங் பலகையோடு இறங்கினேன். நண்பர்களே, முதல் நாள் குடித்த உப்புத் தண்ணீருக்குக் கணக்கே இல்லை!

அலை தூக்கும், பலகையின் முனை தண்ணீருக்குள் குத்தும், நான் தலைகுப்புற. பயத்தில் ரொம்ப முன்னால் தள்ளிப் படுத்திருந்தேன். சரியென்று பின்னால் நகர்ந்தால், வால் அமிழ்ந்து பலகை நகரவேயில்லை. அலை அதுபாட்டுக்கு அடியில் போய்விட்டது. முனை தண்ணீருக்கு மேலே 3, 4 விரற்கடை தெரியணும், அதுதான் நம் இடம். மெக்கானிக்ஸில் அரியர் வைத்த எனக்கு சென்டர் ஆஃப் கிராவிட்டி அன்றைக்குத்தான் புரிந்தது!

எழும்போது விளிம்பைப் பிடித்தேன். பிடித்த பக்கம் பலகை சாய்ந்தது. முட்டி போட்டேன், முட்டியிலிருந்து காலுக்கு வருவதற்குள் அலை முடிந்தது. உள்ளங்கைகளை விலாவுக்குப் பக்கத்தில் தட்டையாகப் பதித்து ஒரே மூச்சில் எழணும். எழுந்ததும் இடுப்பை அல்ல, முட்டியை மடக்கணும். இதெல்லாம் தெரிந்தும் விழுந்தேன். சொல்லிக்கொடுத்த அண்ணன் மீனவர் வீட்டுப் பிள்ளை. "தம்பி, காலு எங்கயும் ஓடிப்போவாது. கரையப் பாரு" என்றார்.

பெரிய தப்பு ஒன்று பாக்கி. ஒருநாள் பெரிய நுரை வந்ததும் பலகையை விட்டுவிட்டு முங்கினேன். காலில் கட்டிய கயிறு எவ்வளவு நீளமோ, அவ்வளவு தூரம் பலகை கரைப்பக்கம் பாயும் என்று யோசிக்கவேயில்லை. எனக்குப் பின்னால் ஒரு சின்னப் பையன் நின்றிருந்தான். பலகையின் அடியிலிருக்கும் ஃபின் அவன் புருவத்தைக் கிழித்துவிட்டது. 3 தையல். அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அண்ணன் பலகையை வாங்கி வைத்துக்கொண்டார். 2 ஞாயிறு மணலில் கோடு கிழித்துப் படுத்து எழுந்ததுதான் பயிற்சி. போவோர் வருவோர் எல்லாம் சிரித்தார்கள். நுரை வந்தால் பலகையை விடாமல் பிடிப்பது, விழுந்தால் தட்டையாக விழுந்து கையால் தலையை மூடுவது... இதையும் அங்கேதான் படித்தேன்.

மூன்றாவது ஞாயிறு இறங்கினேன். முதலில் பின்னால் திரும்பி யாருமில்லை என்று பார்த்தேன். அலை தூக்கியதும் கையை நிறுத்தாமல் இன்னும் இரண்டு தள்ளு தள்ளி, எழுந்து, கரையைப் பார்த்தேன். அங்கே புருவத்தில் பிளாஸ்திரியோடு அந்தப் பையன்!

"அண்ணா, நாலு செகண்டு நின்னீங்க!"